இரண்டு மில்லிமீட்டர் பள்ளம்

கலகம் தொடங்கியபோது ஹெப்சிபா ஒர்க்‌ஷாப்பில் பம்ப் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தாள். மேலே ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு துப்பாக்கி. லேத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். வாசலில் ஒரு காவலாளி கைகளைத் தூக்கியபடி பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் எதிரே ஒரு பெண். அவள் கையில் ஆளுயர இரும்புக் கம்பி. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் கேட்கவில்லை. கம்பி அவன் காதோரம் இறங்கியது. விழுந்தவனை அவள் மறுபடியும் அடித்தாள். அவன் கால் துடிப்பது நின்ற பிறகும் அடித்தாள்.

பிறகுதான் ஹெப்சிபாவைப் பார்த்தாள்.

“நீதானே இங்க இன்ஜினீயரு?”

ஹெப்சிபா தலையை ஆட்டினாள்.

“இதைக் கழட்டணும்” என்று அந்தப் பெண் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு எஃகு வளையம் இருந்தது.

பவளமேடை என்பது தூத்துக்குடிக்குத் தெற்கே வெகுதூரத்தில், எந்த நாட்டுச் சட்டமும் எட்டாத கடலில் நின்ற ஒரு சுரங்க மேடை. கடலடியில் கிடக்கும் உலோக உருண்டைகளை அள்ளுவது அதன் வேலை. ஆழத்தில் இறங்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளின் நாடித்துடிப்பையும் மூச்சையும் கவனிக்க என்று சொல்லித்தான் கம்பெனி முதலில் அந்த வளையத்தை மாட்டியது. ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு புது வளையங்கள் வந்தன. அதற்குள் கொஞ்சம் வெடிமருந்து இருந்தது. கழுத்தைத் துண்டிக்கப் போதுமான அளவு. கட்டுப்பாட்டு அறையில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

ஹெப்சிபா நிரந்தர ஊழியை. அவளுக்கு வளையம் கிடையாது. கேன்டீனில் வளையக்காரர்கள் தனி வரிசையில் நிற்பார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் தட்டை எடுத்துக்கொண்டு போவதற்கு அவள் எப்போதோ பழகியிருந்தாள்.

கம்பி வைத்திருந்தவள் பெயர் நம்புத்தாய். ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கும் வேலையில் இருந்து ஒப்பந்தத்தில் வந்தவள். அவளும் கூட்டாளிகளும் அன்று விடிந்ததும், வளையங்களுக்கு உத்தரவு அனுப்பும் சிக்னல் கம்பத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கம்பம் விழுவதற்குள் மேல்தளத்தில் நின்ற பலருடைய வளையங்கள் வெடித்துவிட்டன. மிச்சம் இருபது சொச்சம் பேர் கீழ்த்தளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மேல்தளம் காவல் அதிகாரி மேஜர் திலக்கிடமும் அவன் ஆட்களிடமும் இருந்தது.

“கம்பெனிக் கப்பல் ஒண்ணு வருது, வயர்லெஸ்ல கேட்டேன்” என்றார் ஜபருல்லா. கீழக்கரைக்காரர், கருவிகளைப் பழுது பார்க்கும் எலெக்ட்ரீஷியன். அவர் கழுத்திலும் வளையம். “அதுல சிக்னல் கம்பம் இருக்கு. சாயந்திரத்துக்குள்ள வந்துரும். வந்து பொத்தானை அமுக்கினா எல்லாரும் போயிருவோம்.”

“ரம்பத்தால அறுத்தா?” என்று ஹெப்சிபா கேட்டாள்.

“ஒருத்தன் முன்னாடி அறுத்துப் பார்த்தான் மேடம். தலை தனியா கிடந்துச்சு. வளையத்துக்குள்ள நடுவுல ஒரு மெல்லிசான கம்பி நெளிநெளியா சுத்தி ஓடுது. அதுதான் இதோட காவல்காரன். அந்தக் கம்பிக்கு மேல மூணு மில்லிமீட்டர் எஃகு. ரெண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுத்திலும் ஒரு பள்ளம் எடுத்து, கம்பியத் தொடாம நிறுத்திட்டா, நான் அதை ஊசியால தூக்கி ஓரமா தள்ளிருவேன். அப்புறம் வளையத்தை அறுக்கலாம். பள்ளம் அகலமாப் போனாலும் பக்கத்துச் சர்க்யூட்ல பட்டுரும்.”

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று லேத். அதில் பொருள் சுழலும், கத்தி அசையாமல் நிற்கும். இன்னொன்று மில்லிங் மெஷின். அதில் கத்தி சுழலும், பொருள் அசையாமல் கிடக்கும்.

ஹெப்சிபா யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. உயிருள்ள ஆளைச் சுழற்ற முடியுமா? ஆள் மேஜையில் படுத்துக் கிடக்கட்டும், கத்தி சுழலட்டும். மெல்லிய வட்டக் கத்தி ஒன்றை மில்லிங் மெஷினில் மாட்டினாள்.

“யாரு முதல்ல?” என்றாள்.

முனியராஜ் முன்னால் வந்தான். நம்புத்தாயின் தம்பி, திடமான ஆள். “அக்கா, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க” என்று சொல்லிவிட்டு மேஜையில் ஏறிப் படுத்தான். ஹெப்சிபா வளையத்துக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு தகட்டைச் செருகினாள். மெஷினை ஓடவிட்டாள். கத்தி எஃகைத் தொட்டது. கிர்ரென்ற சத்தத்தோடு முதல் கீறல் விழுந்தது. ஒரு விரல் அகலம் வெட்டியதும் வளையத்தைக் கையால் கொஞ்சம் திருப்பினாள். மறுபடி வெட்டினாள். பள்ளம் நேராக, சுத்தமாக வந்தது. முனியராஜ் கண்ணை மூடியிருந்தான். அவன் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை கத்தி இறங்கியபோது வெடித்தது.

பெரிய சத்தம் இல்லை. கதவை ஓங்கிச் சாத்தியது போல ஒரு ஓசை. ஹெப்சிபாவின் முகத்தில் சூடாக எதுவோ அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது மேஜையில் முனியராஜின் உடல் மட்டும் கிடந்தது. கத்தி இன்னும் சுழன்று ரத்தத்தைச் சுவரில் கோடாக இறைத்துக்கொண்டிருந்தது.

நம்புத்தாய் கத்தவில்லை. நேராக வந்து ஹெப்சிபாவின் தலைமுடியைப் பிடித்தாள். சுழலும் கத்தியை நோக்கி அவள் முகத்தை அழுத்தினாள். ஹெப்சிபா இரண்டு கையாலும் மேஜையைப் பிடித்துத் தள்ளினாள். கத்தியின் காற்று கன்னத்தில் பட்டது. ஜபருல்லா ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். நம்புத்தாயின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

“விடு அண்ணே! தம்பியக் கொன்னுட்டா! வேணும்னே கொன்னுட்டா! அவளுக்கு வளையம் இருக்கா? இல்லைல்ல?”

“அவளையும் கொன்னுட்டா மெஷினை யாரு ஓட்டுவா?” என்று ஜபருல்லா கத்தினார். “நம்பு, சொல்றதக் கேளு!”

ஹெப்சிபா தரையில் விழுந்து கிடந்தாள். நெற்றியில் இரும்புச் சில் ஏறியிருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மேல்தளத்துப் படிக்கட்டு பக்கத்தில்தான் இருந்தது. மேஜருக்கு அவளைச் சுடக் காரணம் எதுவும் இல்லை.

அவள் ஓடவில்லை. முழங்காலால் தவழ்ந்துபோய்த் தரையில் சிதறிக் கிடந்த வளையத் துண்டுகளைப் பொறுக்கினாள். பள்ளம் விழுந்த துண்டு கிடைத்தது. அதைச் சட்டையில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஜபருல்லா அண்ணே, இதைப் பாருங்க. பள்ளத்தோட அடியில இன்னும் எஃகு இருக்கு. கத்தி கம்பியத் தொடவே இல்லை.”

“தொடாம எப்படி வெடிக்கும்?”

“அடியில வரி வரியா இருக்கு பாருங்க. மில்லிங் கத்தி ஒரே சீரா வெட்டாது. ஒவ்வொரு பல்லா வந்து அடிக்கும். டக், டக், டக்குன்னு. அந்தக் கம்பி அதைக் கேட்டிருக்கு. அது வெறும் கம்பி இல்லை அண்ணே. அது காது.”

ஜபருல்லா துண்டை வாங்கிப் பார்த்தார். “அப்ப இங்க நாள் முழுக்க பம்ப் ஓடுதே, அந்த அதிர்வு?”

“அது ஒரே சீரா ஓடுற இரைச்சல். அதைக் கண்டுக்காத மாதிரி பண்ணியிருப்பாங்க. இல்லாட்டி இந்த மேடையில யாருமே உயிரோட இருக்க முடியாது. அடிதான் ஆகாது. லேத்தோட கத்தி, அந்த டூல், ஒரு தடவை எஃகுக்குள்ள இறங்கிட்டா வெளிய வராது. தொடர்ந்து சீவும். அடி இருக்காது, இரைச்சல் மட்டும்தான்.”

“ஆளைச் சுத்தவா போற?” என்றாள் நம்புத்தாய். அவள் தம்பியின் கையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

ஹெப்சிபா அவளைப் பார்க்க முடியாமல் லேத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “ஆள் சுத்த வேண்டாம். உங்க தம்பி படுத்திருந்தப்ப நான் வளையத்தைக் கையால திருப்பினேன். அப்ப வெடிக்கலை. கழுத்துல அது சுத்துது. தூக்கத்துல புரண்டாலும் சுத்தும். அதனால சுத்துறதை அது தப்பா எடுத்துக்காது. வளையத்தை மட்டும் சுத்தவிட்டு, ஆள் அசையாம கிடந்தா போதும்.” சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். “இதை நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.”

நம்புத்தாய் தம்பியின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். 

நீளமான தண்டுகள் கடையும்போது அவை தொங்கிப்போகாமல் தாங்குவதற்கு லேத்தில் ஒரு சட்டம் உண்டு. வாயைப் போலத் திறந்து மூடும். உள்ளே மூன்று உருளைகள் இருக்கும். பவளமேடையின் பம்ப் தண்டுகள் பெரியவை என்பதால் அந்தச் சட்டமும் பெரியது. ஹெப்சிபா அதைத் திறந்து, வளையம் மாட்டிய ஒரு கழுத்தை நடுவே வைத்து மூடலாம் என்று கணக்குப் போட்டாள். வளையம் உருளைகளின் மேல் உட்காரும். ஒரு உருளையை லேத் சுழற்றினால் வளையமும் சுழலும். கழுத்துக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய தகடு, தகட்டின் மேல் கிரீஸ்.

“எச்சில் முழுங்கக் கூடாது” என்று அவள் எல்லாருக்கும் சொன்னாள். “இருமக் கூடாது. சீவின எஃகு சூடான சுருளா முகத்துல விழும். கத்தக் கூடாது. தொண்டை அசைஞ்சா டூல் குதிக்கும்.”

இந்த முறை ஜபருல்லா முதலில் படுத்தார். நம்புத்தாய் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வளையம் மெதுவாகச் சுழலத் தொடங்கியது. இரண்டு மில்லிமீட்டர் அகல டூலை ஹெப்சிபா தலைமுடி கனம் தலைமுடி கனமாக உள்ளே தள்ளினாள். எஃகு சீவப்படும் சத்தம் ஒரே சுருதியில் கேட்டது. நீலம் பாரித்த சுருள் ஒன்று உருண்டு வந்து ஜபருல்லாவின் தாடையில் ஒட்டிக்கொண்டது. தோல் பொசுங்கும் வாடை வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தொண்டை அசையவில்லை. நம்புத்தாய் அந்தச் சுருளை வெறும் விரலால் எடுத்து எறிந்தாள்.

டூலை நிறுத்தியபோது பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி இருந்தது. ஜபருல்லா படுத்தபடியே, ஒரு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, மிஞ்சியிருந்த எஃகுத் தோலை ஊசியால் கீறிக் கம்பியை நெம்பி ஓரம் தள்ளினார். எஃகிலிருந்து விலகியதும் அது செவிடானது. பிறகு ரம்பம் போட்டார்கள். வளையம் இரண்டாகப் பிளந்தது.

ஜபருல்லா எழுந்து கழுத்தைத் தடவினார். ரத்தமும் கிரீஸும் கலந்து கையில் வந்தது. போய் அடுத்த ஆளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒருத்தி மட்டும் போனாள். சந்தனமேரி என்ற இளம்பெண். டூல் இறங்கத் தொடங்கியதுமே அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நம்புத்தாய் அவள் தலையை அமுக்கிப் பிடித்துப் பார்த்தாள். முடியவில்லை. அதன் பிறகு லேத்தைக் கழுவ வேண்டியிருந்தது. ஹெப்சிபா தானே கழுவினாள். டூலை மறுபடி தீட்டினாள். அடுத்த ஆள் வந்து படுத்தார். வேறு வழி இல்லை என்று அவருக்கும் தெரியும்.

மத்தியானம் தாண்டும்போது நம்புத்தாய் ஒருத்திதான் பாக்கி. கடைசியாகத்தான் படுப்பேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். அவள் லேத்தின் மேல் கை வைத்து ஏறப்போகும்போது படிக்கட்டில் காவலுக்கு நின்ற ஆள் ஓடிவந்தான்.

“கப்பல் தெரியுது! சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துருச்சு. அப்புறம், மேலேருந்து ஒருத்தன் கையத் தூக்கிட்டு வர்றான். மேஜரு.”

மேஜர் திலக் ஆயுதம் இல்லாமல் இறங்கி வந்தான். காலையில் கம்பத்தின் அடியில் நின்றவர்களைச் சுடச் சொல்லி உத்தரவு போட்டவன் அவன்தான். பத்துப் பேர் இரும்புக் கம்பியோடு அவனைச் சூழ்ந்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை. ஜபருல்லாவின் வெறும் கழுத்தைப் பார்த்தான். பிறகு தன் சட்டையின் உயரமான காலர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

அவன் கழுத்திலும் அதே சாம்பல் வளையம்.

“எங்க எல்லாருக்கும் இருக்கு” என்றான். “வெளிய காட்டக் கூடாதுன்னு உத்தரவு. மேடையை விட்டுக்கொடுத்ததுக்கு எங்களையும் உயிரோட விட மாட்டாங்க.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

“மேல ஒரு பீரங்கி இருக்கு. என் உள்ளங்கை வெச்சாதான் அது இயங்கும். நான் அதைக் கப்பல் பக்கம் திருப்பின உடனே அவங்க என்னைத்தான் முதல்ல வெடிக்க வைப்பாங்க. இதைக் கழட்டி விடுங்க. அந்தக் கம்பத்தை நான் உடைக்கிறேன்.”

“உன்னை நம்பச் சொல்றியா?” என்றார் ஜபருல்லா. மில்லிங் மெஷினைக் காட்டினார். “மேடம், இவனை அதுல போடுங்க. அந்த மெஷின்லதான் போடணும் இவனை!”

“ஆமா! அதுல போடுங்க!” என்று எல்லாரும் கத்தினார்கள். இரண்டு பேர் அவன் கையை முறுக்கி அந்த மேஜையை நோக்கி இழுத்தார்கள். அதன் மேல் முனியராஜின் ரத்தம் இன்னும் காயவில்லை. திலக் எதிர்க்கவில்லை.

ஹெப்சிபா நம்புத்தாயைப் பார்த்தாள். கப்பல் சிக்னல் எட்டும் தூரத்துக்கு வருவதற்குள் இன்னும் ஒரே ஒரு வளையத்துக்குத்தான் நேரம் இருந்தது. அது நம்புத்தாய்க்கும் தெரியும்.

“லேத்துல போடு” என்றாள் நம்புத்தாய்.

“அக்கா, அப்ப நீங்க?”

“என் எடத்துலதான் போடச் சொல்றேன். போடு.”

அவன் தலையைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை. நம்புத்தாயே பிடித்தாள். வளையம் சுழலத் தொடங்கியதும் குனிந்து அவன் காதில் சொன்னாள். “அசையாத. உன் மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் கை பதறுது. நீ அசைஞ்சா நான் தாங்க மாட்டேன்.”

அவன் அசையவில்லை.

வளையம் பிளந்ததும் திலக் எழுந்தான். நம்புத்தாயின் கழுத்தைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போனான். “போ” என்று அவள் கத்தினாள். அவன் படிக்கட்டில் ஓடினான்.

ஹெப்சிபா நம்புத்தாயை இழுத்து லேத்தில் படுக்க வைத்தாள். நேரம் போதாது என்று தெரிந்தும் சட்டத்தை மூடினாள். ஜபருல்லா தலையைப் பிடித்தார். டூல் இறங்கியது. மேலே பீரங்கி முழங்கியது. மேடை முழுக்க உதறியது. ஹெப்சிபா டூலைச் சட்டென்று பின்னால் இழுத்து, அதிர்வு அடங்கியதும் மறுபடி உள்ளே விட்டாள். இரண்டாவது முழக்கம். மறுபடி இழுத்தாள், மறுபடி விட்டாள். பள்ளம் பாதிக்கு மேல் ஆழம் வந்திருந்தது.

அப்போது வெடித்தது.

தட்டையான ஒரு தீ, தட்டு மாதிரி, வளையத்தைச் சுற்றி வெளிப்பக்கமாக விரிந்தது. உருளைகள் பறந்தன. டூலைப் பிடித்திருந்த ஹெப்சிபாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஜபருல்லா முன்கை கிழிந்து சுவரில் போய் விழுந்தார். மூன்றாவது முழக்கத்தை அவள் கேட்டது போலவும் கேட்காதது போலவும் இருந்தது.

புகை விலகியபோது நம்புத்தாய்க்குத் தலை இருந்தது. தாடை கருகியிருந்தது. தோள் எலும்பு முறிந்து துருத்திக்கொண்டிருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வந்தது. அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளம்தான் காரணம் என்பது ஹெப்சிபாவுக்கு உடனே புரிந்தது. லேத் சுற்றிலும் ஒரே ஆழத்துக்குச் சீவியிருந்தது. சுற்றிலும் எஃகு மெலிந்து போனதால், உள்ளே கழுத்தை நோக்கிப் போக வேண்டிய வெடிப்பு வெளியே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. விரல் இல்லாத கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு அவள் அழுதாள்.

கப்பலின் கம்பம் மூன்றாவது குண்டில் விழுந்தது. ஆனால் அதற்கு முன் எல்லா வளையங்களையும் வெடிக்க வைக்கும் சிக்னல் ஒன்று வந்துவிட்டது; நம்புத்தாயின் வளையம் வெடித்ததும் அதில்தான். மேல்தளத்தில் திலக்கின் ஆட்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே செத்தார்கள். அவன் மட்டும் உடம்பெல்லாம் அவர்கள் ரத்தத்தோடு இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தான். ஜபருல்லா ஒரு கையால் கம்பியை எடுத்துப்போய் அவன் தோளில் அடித்தார். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. திலக் கையைக்கூடத் தூக்கவில்லை. ஜபருல்லா கம்பியைப் போட்டுவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கப்பல் பின்வாங்கியது. அது வேறு ஆட்களோடு திரும்பி வருவதற்குள் கிளம்பிவிட வேண்டியிருந்தது. மேடையின் பெரிய படகில் எல்லாரும் ஏறினார்கள். முனியராஜையும் சந்தனமேரியையும் பாயில் சுற்றி ஏற்றினார்கள்.

ஹெப்சிபா படகின் ஓரத்தில் நம்புத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நம்புத்தாயின் தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தார்கள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பேசும்போது குரல் தாறுமாறாக உயர்ந்து தாழ்ந்தது.

“முதல்லயே தம்பிய லேத்துல போட்டிருந்தா?” என்று கேட்டாள்.

ஹெப்சிபா அவளைப் பார்த்தாள். தலையை ஆட்டி, அப்போதும் போயிருப்பான் என்று சைகை காட்டினால் போதும். இந்தக் கேள்வி இங்கேயே முடிந்துவிடும்.

“பிழைச்சிருப்பான்” என்றாள்.

நம்புத்தாய் அவள் உதட்டையே பார்த்தாள். “கேக்கல. மெதுவா சொல்லு.”

ஹெப்சிபா முகத்தை நேராகத் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக, வாயைத் திறந்து சொன்னாள். “பிழைச்சிருப்பான் அக்கா.”

நம்புத்தாய் நல்ல கையை நீட்டி, ஹெப்சிபாவின் கையில் ரத்தம் ஊறித் தளர்ந்திருந்த துணியின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். இறுக்கமாக மறுபடி கட்டினாள். ஹெப்சிபா வலியில் கத்தினாள். அது நம்புத்தாய்க்குக் கேட்கவில்லை.